சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள், டாக்டர்

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வட்ட மருத்துவமனைகளிலும் சொந்த கிளினிக்குகளிலும் உட்கார்ந்து, நோயாளிகளை நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்கும் மருத்துவர்கள் அனைவருக்கும்,



நான் டாக்டர் இல்லை. நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் யார் கைக்கு வந்து சேருகிறதோ, அவள். நரம்பியல் பிரிவின் மின்பரிசோதனை அறையில் டெக்னீஷியன். ‘கரண்ட் டெஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டு உங்கள் நோயாளிகள் பயந்து பயந்து வந்து படுப்பது எங்கள் அறைக் கட்டிலில்தான். அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நரம்பியல் மருத்துவர். ஆனாலும் எந்த நரம்பை மின்சாரத்தால் தட்டுவது, எத்தனை தடவை, எந்த வேகத்தில் என்பதில் பாதி முடிவு உங்கள் மேசையிலேயே, உங்கள் பேனாவாலேயே ஆகிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் சீட்டுகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. பெயர், வயது, ‘என்.சி.எஸ்., நான்கு கை கால்களுக்கும்’ என்ற நரம்புக் கடத்தல் சோதனை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு அது போதும். ராத்திரியில் விரல்கள் மதமதவென்று ஆகி, கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கும் அம்மாவுக்கும் ஓரளவு போதும். ஆனால் சாயங்காலம் ஆனால் இமை இறங்குகிறது, ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது, சோறு மெல்லும்போது தாடை அசந்துபோகிறது என்று உங்களிடம் சொன்னவரையும் இதே ஒரு வரியோடுதான் அனுப்புகிறீர்கள். அவருக்கு அந்த டெஸ்ட் நார்மலாகத்தான் வரும். மயஸ்தீனியா முற்றிப்போயிருந்தாலும் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும்.

காரணம் உங்களுக்குத் தெரியும், எம்.பி.பி.எஸ்.ஸில் படித்ததுதான், ஓ.பி. கூட்டத்தில் மறந்துபோகிறது. சாதாரண என்.சி.எஸ்.ஸில் மணிக்கட்டில் ஒரு தட்டு, முழங்கையில் ஒரு தட்டு. தசை எவ்வளவு உயரத்துக்குப் பதில் சொல்கிறது, சேதி என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்கிறோம். கையில் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல், காலில் 40க்கு மேல் இருந்தால் நிம்மதி. இதெல்லாம் ஒற்றைத் தட்டுக் கணக்கு. மயஸ்தீனியாவில் நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது. கோளாறு இரண்டும் சந்திக்கும் இடத்தில். ஓய்வாகப் படுத்திருப்பவரிடம் ஒரே ஒரு சேதியைக் கொடுத்தால் அந்தச் சந்திப்பு அதைத் தடையில்லாமல் கடத்திவிடும். தொடர்ந்து கேட்டால்தான் திணறும்.

அப்படித் தொடர்ந்து கேட்கும் பரிசோதனைக்கு ஆர்.என்.எஸ். என்று பெயர். அது என்.சி.எஸ்.ஸுக்குள் தானாக வந்துவிடாது. தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், காலையிலிருந்து டோக்கன் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

நோயாளி ‘எல்லாம் நார்மல்’ என்ற காகிதத்தோடு உங்களிடம் திரும்பி வருகிறார். காகிதத்தில் பொய் ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்டதற்கான பதில் அதில் சரியாகவே இருக்கிறது. நீங்களோ அதை வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறீர்கள். அதிலும் இளம் பெண்ணாக இருந்துவிட்டால் அடுத்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும்: டென்ஷன், ரத்தசோகை, கல்யாணப் பிரச்சினை, மாமியார் பிரச்சினை. காலையில் வரும்போது அவள் நன்றாகத்தானே இருக்கிறாள். இந்த நோயின் சுபாவமே அதுதான்.

ஆர்.என்.எஸ். செய்யும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தெரிந்தால் சீட்டில் எதை எழுதவேண்டும் என்பது தானாக விளங்கும்.

கை அசையாமல் பட்டையால் கட்டிவிடுவோம். நரம்பு முழுவதும் கிளம்பும் அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து, வினாடிக்கு 3 என்ற வேகத்தில் 10 தட்டு. திரையில் 10 அலைகள் வரிசையாக வரும். முதல் அலையையும் நாலாவது அல்லது ஐந்தாவது அலையையும் ஒப்பிடுவோம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்து, திரும்பச் செய்தாலும் அதேபோல் குறைந்தால் அது கணக்கு. எங்கள் அறையில் இதை டெக்ரிமெண்ட் என்போம்.

நாலாவது, ஐந்தாவது அலையில் என்ன விசேஷம்? நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் சின்னச் சின்னப் பைகளில் காத்திருக்கிறது. மளிகைக் கடையில் முன்தட்டில் அடுக்கிய சரக்கு உடனே கைக்கு வரும், பின்னால் கோடவுனில் இருக்கும் மூட்டையை ஆள் போய்த்தான் எடுத்துவர வேண்டும், அதுபோலத்தான் இங்கேயும். முதல் சில தட்டுகளில் முன்தட்டு குறைந்துகொண்டே வரும். அதற்குள் பின்னாலிருந்து சரக்கு வந்து சேர ஆரம்பித்துவிடும். ஆரோக்கியமான ஆளுக்கு இந்தக் குறைச்சல் உறைக்கவே உறைக்காது, தேவைக்கு மேல் எப்போதும் மிச்சம் இருக்கும். மயஸ்தீனியாவில் தசைப் பக்கத்து ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்பொருட்களே பாழாக்கியிருப்பதால் அந்த மிச்சம் இல்லை. முன்தட்டு குறையும் அந்தச் சில கணங்களில் சில தசை நார்கள் பதில் சொல்லாமல் விட்டுவிடும். திரையில் அலை தேயும். பிறகு லேசாக மீளும்.

இன்னும் வேகமாகத் தட்டினால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வினாடிக்கு 10, 20 என்று போனால் நரம்பு நுனியில் கால்சியம் வெளியேற நேரமில்லாமல் தேங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் அதிகப் பைகள் உடைந்து குறையை மறைத்துவிடும். மெதுவாகத் தட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதையெல்லாம் திரையில் பார்க்க முடியாத காலத்திலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். 1895இல் பெர்லினில் ஃப்ரீட்ரிக் ஜாலி, நோயாளியின் தசைக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்து, சுருக்கம் தேய்வதையும் ஓய்வுக்குப் பின் திரும்புவதையும் பதிவுசெய்தார். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயரும் அவர் வழியாக வந்ததுதான். ஃபைசோஸ்டிக்மின் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரே யோசனை சொல்லியிருந்தார். யாரும் செய்யவில்லை. 1934இல் லண்டன் கிரீன்விச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர்தான் அதை ஊசியாகப் போட்டு, இறங்கிய இமை ஏறுவதைக் கண்டார். 1941இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹார்வியும் மேஸ்லேண்டும் தசையின் மின் அலையை அளந்து, இன்று நாங்கள் செய்யும் முறைக்கு அடித்தளம் போட்டார்கள். ஏன் இந்த நோய் வருகிறது என்பது துலங்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் மின்விலாங்கின் மின்சார உறுப்பிலிருந்து பிரித்த ஏற்பிப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்கள் துவண்டன, அவற்றின் தசைப் பதிவிலும் கோளாறு தெரிந்தது, மயஸ்தீனியா மருந்து கொடுத்ததும் சரியானது. கரண்ட் வைத்துக் கண்டுபிடிக்கும் நோயின் காரணத்தை, கரண்ட் வைத்திருக்கும் மீனே காட்டிக்கொடுத்தது. எங்கள் அறைக்குப் புதிதாக வரும் பயிற்சி மாணவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன், பிறகுதான் எர்த் ஒயர்.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

முதலாவது, இடம். கையில் செய்வது எனக்கும் சுலபம், நோயாளிக்கும் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் மயஸ்தீனியா கையின் சின்னத் தசைகளைக் கடைசியாகத்தான் தொடும். முகத்திலும் தோளிலும் செய்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். முகத்தில் கண்ணைச் சுற்றிய தசை அல்லது மூக்குத் தசை, தோளில் ட்ரபீசியஸ். இந்த நோயின் மஸ்க் எதிர்ப்பொருள் வகையில் கை பல சமயம் பேசவே பேசாது, முகம்தான் பேசும். நீங்கள் ‘இமை, தாடை, விழுங்குதல்’ என்று மூன்று வார்த்தை எழுதிவிட்டால் நாங்கள் கையோடு நிறுத்தமாட்டோம்.

ஓர் ஆசிரியை வந்தார். முதல் பீரியடில் கணீரென்று பேசுபவர், நாலாவது பீரியடில் குரல் மூக்குக்குப் போய்விடும். ஏற்கெனவே வேறோர் இடத்தில் கையிலும் காலிலும் பார்த்து நார்மல் என்ற அறிக்கை வைத்திருந்தார். கூடவே தூக்க மாத்திரைச் சீட்டு. இந்தத் தடவை அவரை அனுப்பியவர் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர். ‘பேசப் பேசக் குரல் மாறுகிறது, அண்ணம் தளர்வு, மயஸ்தீனியாவா?’ என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தார். மூக்குத் தசையில் அலை மூன்றில் ஒரு பங்கு தேய்ந்து கிடந்தது. அதே மெஷின் வகை, அதே நோயாளி. வித்தியாசம் அந்த வரியில் மட்டும்.

இரண்டாவது, சூடு. ஐஸ் வைத்தால் மயஸ்தீனியாக்காரரின் இமை ஏறும் என்று படித்திருப்பீர்கள். இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து 2 மில்லிமீட்டர் ஏறுகிறதா என்று பார்ப்பது உங்கள் கிளினிக்கிலேயே முடியும், செலவும் இல்லை. குளிர்ச்சி அசிட்டைல்கோலினை உடைக்கும் என்சைமை மந்தமாக்குகிறது. அதே குளிர்ச்சி எங்கள் அறையில் எதிரி. ஏ.சி.யில் ஒரு மணி நேரம் காத்திருந்து சில்லிட்ட கையில் ஆர்.என்.எஸ். செய்தால் தேய்வு ஒளிந்துகொள்ளும். சாதாரண என்.சி.எஸ்.ஸிலோ நேர்மாறான வம்பு: ஒரு டிகிரி குறைந்தால் வேகம் சுமார் 2 மீட்டர் குறையும், இல்லாத நரம்பு நோயை எழுதிவைக்க நேரும். கை 32 டிகிரியாவது இருக்க வேண்டும். வெந்நீரோ ஹீட்டரோ வைத்துச் சூடாக்குவது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை. ஆனால் உங்களுக்கு வரும் அறிக்கையில் தோல் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எழுதாவிட்டால் எங்களைக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் எங்களுக்கும் ஒழுங்கு வரும்.

மூன்றாவது, மாத்திரை. சந்தேகத்தின் பேரில் பைரிடோஸ்டிக்மின் தொடங்கிவிட்டு, ‘உறுதி செய்யவும்’ என்று அனுப்புகிறீர்கள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து படுத்தால் தேய்வு காணாது. பொதுவாக 12 மணி நேரம் நிறுத்திவிட்டுச் செய்வது வழக்கம். நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள், நான் இல்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்கும் மூச்சு குறைந்தவருக்கும் டெஸ்டுக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறைந்தபட்சம் கடைசி மாத்திரை எப்போது என்றாவது சீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஆர்.என்.எஸ். எல்லோரையும் பிடித்துவிடாது. உடம்பு முழுக்கப் பரவிய மயஸ்தீனியாவில் 100 பேரில் சுமார் 75 பேருக்குக் காட்டும். கண்ணோடு நின்றுவிட்டவர்களில் பாதிப் பேருக்கும் காட்டாது. அவர்களுக்கு சிங்கிள் ஃபைபர் ஈ.எம்.ஜி. இருக்கிறது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எக்ஸ்டெட்டும் ஸ்டால்பெர்க்கும் வளர்த்தெடுத்தது. ஒரே நரம்பில் தொங்கும் இரண்டு தசை நார்கள் முன்பின்னாக எவ்வளவு தடுமாறுகின்றன என்று மைக்ரோ வினாடிக் கணக்கில் அளப்பது. பரவிய நோயில் 100க்கு 95 வரை பிடிக்கும். ஆனால் நேரம் பிடிக்கும், கைப்பழக்கம் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. அதோடு வேறு நரம்பு, தசை நோய்களிலும் அந்தத் தடுமாற்றம் வரும் என்பதால் அது வந்துவிட்டது என்பதற்காகவே மயஸ்தீனியா என்று முத்திரை குத்த முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதும் இதேபோல்தான், பரவியவர்களில் 85 சதவீதம், கண்ணோடு நின்றவர்களில் பாதி. ஆகவே ஆர்.என்.எஸ். நார்மல் என்று வந்தாலும் உங்கள் கண்ணால் பார்த்ததைக் கைவிடாதீர்கள். சாயங்காலம் வரச்சொல்லி, மேலே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லி, இமையை நீங்களே பாருங்கள்.

இதே சந்திப்பைத் தாக்கும் இன்னொரு நோயான லாம்பர்ட்-ஈட்டன் பற்றி ஒரு வார்த்தை. வாய் உலர்கிறது, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இல்லை, பீடி குடிப்பவர் என்றால் அதையும் எழுதுங்கள். அங்கே முதல் அலையே குட்டையாக இருக்கும். 10 வினாடி கையை இறுக்கச் சொல்லிவிட்டு உடனே தட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் எழும்பும். கேட்காவிட்டால் ‘தசை அலை குறைவு’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் பின்னால் நுரையீரலில் புற்றுநோய் ஒளிந்திருக்கும்.

எங்களிடம் அனுப்பவே கூடாதவர்களும் உண்டு. நம் கிராமங்களில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ராத்திரி தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்தவர், இரண்டு இமையும் சொருகுகிறது, கடிவாய் எங்கும் தெரியவில்லை. அவருக்கு மயஸ்தீனியா டெஸ்ட் எதற்கு? கட்டுவிரியனை நினையுங்கள். அதன் விஷமும் இதே சந்திப்பைத்தான் தாக்குகிறது. பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவரையும் நினைவில் வையுங்கள். தேறிவிட்டார் என்று வார்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில், இரண்டாம் மூன்றாம் நாள், கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சு நிற்கும். அந்த இடைநிலைக் கட்டத்தை 1987இல் தெளிவாக எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்கள், சேனநாயக்கவும் கரல்லியத்தவும். அங்கே ஆர்.என்.எஸ். பதிவு பயன்படும்தான், ஆனால் மெஷினை வார்டுக்கு நாங்கள் தள்ளிக்கொண்டு வரவேண்டும். நோயாளியை லிஃப்டில் ஏற்றி எங்களிடம் அனுப்பக் கூடாது.

மயஸ்தீனியா தவிர மற்ற நோய்களுக்கும் சீட்டில் ஒரு தேதி வேண்டும். எப்போது ஆரம்பித்தது? கில்லன் பாரேயில் முதல் வாரம் என்.சி.எஸ். ஏறக்குறைய நார்மலாக இருக்கலாம், எஃப் அலை மட்டும் காணாமல் போயிருக்கும். விபத்தில் நரம்பு அறுந்தவருக்குத் தசைக்குள் பதிவு ஊசி, அதாவது நீடில், போட்டால் தசையில் தெரியவேண்டியது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாளே அனுப்பி ‘நார்மல்’ வாங்கிப் போனால் அந்தக் காகிதம் அவரைக் காலமெல்லாம் துரத்தும். ஒரு கை மட்டும் மெலிந்து, மரப்பே இல்லாமல் துடிப்பு மட்டும் இருப்பவரை ‘கழுத்து எலும்பு தேய்மானம்’ என்று எழுதி அனுப்பினால் அந்தக் கையை மட்டும் பார்ப்போம். ‘துடிப்பு இருக்கிறது, மரப்பு இல்லை’ என்று எழுதினால் மற்ற கையிலும் காலிலும் நாக்கிலும் நீடில் போகும். மோட்டார் நியூரான் நோயைச் சீக்கிரம் கண்டுகொள்வதா, தேவையில்லாத கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு கண்டுகொள்வதா என்பது சில சமயம் இதில்தான் இருக்கிறது.

ஒரு நல்ல சீட்டு எப்படி இருக்கும்? என் கையால் எழுதுவதாக இருந்தால்: ‘பெண், 28. மூன்று மாதமாக மாலையில் இமை இறங்குகிறது, வலது அதிகம். தலை பின்னும்போது கை அசந்துபோகிறது. மரப்பு இல்லை, ரிஃப்ளெக்ஸ் இருக்கிறது. மயஸ்தீனியாவா? ஆர்.என்.எஸ்., முகமும் தோளும் சேர்த்து. மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. பேஸ்மேக்கர் இல்லை.’ எழுத ஒரு நிமிடம் ஆகும். ஓ.பி.யில் ஒரு நிமிடத்தின் விலை எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் எழுதச் சொல்லவில்லை. ஏற்ற இறக்கமான பலவீனம் என்று காதில் விழுந்தவருக்கு மட்டும் எழுதுங்கள்.

நேரமிருந்தால் நோயாளியிடமும் இரண்டு வார்த்தை. வெறும் வயிற்றில் வரவேண்டாம். அன்றைக்கு கைகாலில் எண்ணெய், க்ரீம் வேண்டாம். வளையலும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்னாலேயே சொல்லட்டும். கரண்ட் என்றதும் ஈ.பி. போஸ்டை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். சுருக்கென்று இருக்கும், முகத்தில் கொஞ்சம் கூடுதலாக. வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அப்புறம் என்னை நம்பமாட்டார்கள், கையை இறுக்கி வைத்துக்கொள்வார்கள், பதிவு கெட்டுப்போகும்.

கடைசியாக ஒன்று, இது மட்டும் வேண்டுகோள் அல்ல. மயஸ்தீனியா சந்தேகம் உள்ளவரை எங்களுக்குச் சீட்டு எழுதுவதற்கு முன், ஆழ மூச்சிழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். இருபதைத் தாண்ட முடியவில்லை, அல்லது தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது, அல்லது தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் எங்களுக்குச் சீட்டு எழுத வேண்டாம். வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்கு 108ஐக் கூப்பிட்டு, கூட ஆள் வைத்து அனுப்புங்கள். அங்கே அவர் தேறட்டும். ஆர்.என்.எஸ்.ஸை அதற்குப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மின்பரிசோதனை டெக்னீஷியன்